ஹால்ல படுக்குற மனுஷன்: ஒரு தம்பதி கவுன்சிலிங் கேஸ், ஆரம்பத்துல இருந்து

முதல்லயே சொல்லிடறேன், இந்த கேஸ்ல வர்ற ரெண்டு பேருகிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன், அடையாளம் காட்டுற சில விஷயங்கள மாத்தியும் இருக்கேன். பேரு வேணாம். அவங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்குறாங்க, அதனால டீச்சர்னே சொல்றேன். அவரு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வேலைய பார்த்துக்குறவரு, அவரை சார்னு வச்சுக்குவோம். கல்யாணமாகி 9 வருஷம், ஒரு பையன், ரெண்டாங்கிளாஸ்.

போன் பண்ணது டீச்சர்தான். பொதுவா இந்த மாதிரி போன் வந்தா தினம் சண்டை, அடிதடி, மாமியார், குடி, இதுல ஏதாவது ஒண்ணு முதல் நிமிஷத்துல வந்துரும். இவங்க சொன்னது, "சண்டையெல்லாம் இல்லீங்க மேடம், சண்டை போட்டாக்கூட பரவால்லீங்க." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்ல, பின்னாடி குக்கர் விசில் கேட்டுச்சு. "11 மாசமா ஹால்லதாங்க படுக்கறாரு. கேட்டா ஏசி ஒத்துக்கலைங்கறாரு. அந்த ஏசிய வாங்குனதே அவருதாங்க."

வேற பொண்ணு இருக்குமோன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம், அதை நேரா சொல்லல, "கம்பெனில லேடீஸ் ஜாஸ்திங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

தனித்தனியா பார்த்தது

ஜோடியா யாரு வந்தாலும் முதல் சிட்டிங் சேர்ந்து அரைமணி நேரம், அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு தனி சிட்டிங், இதுல நான் விட்டுக்குடுக்கறதே இல்ல. தனியா இருக்கும்போது கேக்க வேண்டிய கேள்விகள் இருக்கு. வீட்ல யாராவது யார் மேலயாவது கை வைக்கிறாங்களா, இங்க பேசுனதுக்கு வீட்டுக்குப் போனப்புறம் பதில் சொல்ல வேண்டி வருமா, சாகணும்னு தோணியிருக்கா, குடி எவ்ளோ. அடி இருக்குற வீட்ல ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு "மனசு விட்டுப் பேசுங்க"ன்னு சொல்றது ஆபத்து, இங்க அவ வாயத் தொறந்ததுக்கு கார்லயே அடி விழும். அந்த மாதிரி இருந்தா ஜோடி கவுன்சிலிங் கிடையாது, 181 பெண்கள் உதவி நம்பர், 2005 குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பான இடம், அந்த வழிதான். இவங்க வீட்ல அதெல்லாம் இல்ல. பயமும் இல்ல. ஒரு விஷயத்த ரெண்டு பேருகிட்டயும் தெளிவா சொல்லிட்டேன், தனியா சொல்ற ரகசியத்த நான் இன்னொருத்தருகிட்ட சொல்ல மாட்டேன், ஆனா அது இந்த வேலையையே கெடுக்குற ரகசியமா இருந்தா நீங்களே சொல்ற வரைக்கும் ஜோடி சிட்டிங் நடக்காதுன்னு. வேற பொண்ணு இல்ல. கேட்டதும் அவருக்கு கோவம்கூட வரல, "அதுக்கெல்லாம் நேரம் எங்கீங்க மேடம்"னு சொன்னாரு.

தனி சிட்டிங்ல கிடைச்ச கதை இது. சாரோட அப்பா, இவங்க பக்கத்துல அய்யன்னு சொல்வாங்க, 23 மாசத்துக்கு முன்னாடி தவறிட்டாரு. காங்கேயம் பக்கம் தோட்டம், அங்கேயே வீடு. லீவுக்கு டீச்சரும் பையனும் அங்க போயிருந்தாங்க. சாயங்காலம் அய்யனுக்கு நெஞ்சுவலி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போனது டீச்சர். சாருக்கு அன்னிக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன், சரக்கு வாங்குற பையரோட க்யூசி ஆளு, அதாவது தரம் பார்க்குறவரு, வந்து பெட்டி பெட்டியா பிரிச்சுப் பார்த்துட்டு இருந்திருக்காரு, போன் சைலன்ட்ல கிடந்துச்சு. 6 மிஸ்டு கால். அவரு போய்ச் சேர்றதுக்கு ஒரு அரைமணி நேரம் முன்னாடி எல்லாம் முடிஞ்சிருச்சு.

இதை அவரு எங்கிட்ட சொன்ன விதம் இருக்கே, ஷிப்மென்ட் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி, மணி, கிலோமீட்டர், கார் நம்பர் உட்பட. சொல்லி முடிச்சுட்டு வாட்ச்ச பார்த்தாரு.

ஹால்ல படுக்க ஆரம்பிச்சது வருஷத் திதி முடிஞ்ச வாரத்துல இருந்து. இதை ரெண்டு பேருமே தனித்தனியா சொன்னாங்க, ஆனா ரெண்டு பேருமே ரெண்டையும் சேர்த்துப் பார்க்கல.

உடம்புல இருந்து

நான் பண்றது ஹோலிஸ்டிக், அதாவது ஆள முழுசாப் பார்க்குற கவுன்சிலிங். ஆனா ஹோலிஸ்டிக்னு போர்டு போட்டுட்டு கல்லு, ஆரா, பூ மருந்து, முன்ஜென்மம்னு விக்கிறவங்க நம்ம ஊர்ல நெறைய பேரு, அதனால அந்த வார்த்தைய சொல்லவே எனக்குக் கூச்சம். இந்தியாவுல க்ளினிகல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், ஆனா வெறும் கவுன்சிலர்னு யாரு வேணும்னாலும் போட்டுக்குறாங்க, அதுவும் ஒரு காரணம். நான் அந்த வார்த்தைய வச்சுக்குறது ரொம்ப சாதாரணமான அர்த்தத்துல. தூக்கம், சாப்பாடு, வேலை நேரம், உடம்பு, காசு, வீட்ல யாரு யாரு இருக்காங்க, சாமி கும்பிடுறது, இதையெல்லாம் விட்டுட்டு மனசை மட்டும் தனியா எடுத்து மேசைல வச்சுப் பார்க்க முடியாது, அவ்ளோதான்.

சார் படுக்கறது 1 மணி, எந்திரிக்கறது அஞ்சரை. டீ ஒரு நாளைக்கு 7, 8. அப்பப்போ நெஞ்சு அடைக்குதுன்னாரு. நெஞ்சு அடைக்குதுன்னு ஒருத்தர் சொன்னா முதல்ல ஈசிஜி, அப்புறந்தான் ஃபீலிங். அப்பா வேற மாரடைப்புல போயிருக்காரு. அடுத்த சிட்டிங்குக்கு முன்னாடி டாக்டரப் பார்த்துட்டு வரச் சொல்லிட்டேன். ஈசிஜி நார்மல், பிரஷர் ஜாஸ்தின்னு மாத்திரை ஆரம்பிச்சாங்க.

மனச்சோர்வ அளக்குற பிஹெச்க்யூ-9 கேள்வித்தாள் ரெண்டு பேருக்கும் குடுத்தேன், 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், 10ல இருந்து 14 வரைக்கும் நடுத்தர மனச்சோர்வுன்னு எடுத்துக்குவாங்க. சாருக்கு 8 வந்துச்சு. டீச்சருக்கு 12. பிரச்சனைன்னு கூட்டிட்டு வந்தது அவரை, மார்க் ஜாஸ்தி இவங்களுக்கு. சாகணும்ங்கற கேள்விக்கு ரெண்டு பேருமே 0.

சாருக்கு இருக்குறது நீடிச்ச துக்கம்ங்கற நோயான்னும் யோசிச்சேன், உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11ல 6 மாசம், அமெரிக்க மனநல டாக்டர்களோட பட்டியல் டிஎஸ்எம்-5-டிஆர்ல பெரியவங்களுக்கு 12 மாசம் தாண்டியும் தினமும் அந்த ஏக்கத்துலயே கிடந்து வாழ்க்கை முடங்கிப்போனா அந்தப் பேரு வைக்கலாம். அவரு முடங்கல, வேலைல புரமோஷன்கூட வாங்கியிருந்தாரு. பேரு வைக்க மனசு வரல.

நான் பண்ண தப்பு

இதை மறைக்காம எழுதணும்னுதான் இந்த கேஸையே எடுத்தேன். ரெண்டாவது ஜோடி சிட்டிங்ல நான் ஒரு பயிற்சி குடுத்தேன், ஒருத்தர் 5 நிமிஷம் பேசணும், இன்னொருத்தர் குறுக்க பேசாம கேட்டு அதையே திருப்பிச் சொல்லணும், அப்புறம் மாத்திக்கணும். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா யாருக்கு, எப்போங்கறது இருக்குல்ல. சார் அதை க்யூசி செக்லிஸ்ட் மாதிரி பண்ணிட்டு வந்தாரு, 7 நாள்ல 5 நாள் பண்ணோம்னு போன்ல குறிச்சு வச்சிருந்தாரு. டீச்சர் சொன்னாங்க, "நான் சொல்றத அப்படியே ஒப்பிக்கிறாருங்க மேடம், பசங்க வாய்ப்பாடு சொல்ற மாதிரி. இதுக்கு அவரு பேசாம இருந்ததே தேவலைங்க."

மூணாவது சிட்டிங் இன்னும் மோசம். பேச்சு அய்யன் பக்கம் போச்சு. சார் ஏதோ சொல்ல ஆரம்பிச்சு, "அன்னிக்கு நான்"னு நிறுத்திட்டாரு. கரண்ட் வேற போயி ஃபேன் நின்னுருச்சு, ரூம்ல அவ்ளோ அமைதி, வெளிய ரோட்ல ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்குற சத்தம் கேட்டுச்சு. அவரு தொண்டை ஒரு தடவ ஏறி இறங்குனத பார்த்தேன். பார்த்துட்டு நான் என்ன பண்ணேன், "துக்கத்துல குற்ற உணர்ச்சி வர்றது ரொம்ப நார்மல்ங்க சார், நெறைய பேருக்கு"ன்னு ஆரம்பிச்சு ஒரு 3 நிமிஷம் லெக்சர் குடுத்துட்டேன். அவரு தலைய ஆட்டி, "ஆமாங்க மேடம், கரெக்டுங்க"ன்னாரு. கதவு சாத்திருச்சு.

எனக்கு சூப்பர்விஷன் பண்ற, அதாவது என் கேஸ்கள கேட்டு வழிகாட்டுற மேடம் இருக்காங்க, என்னைவிட 20 வருஷம் சீனியர். டெக்னிக் பத்தி ஏதாவது சொல்லுவாங்கன்னு நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போனேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி, "அந்த நேரத்துல உன் கை எங்கம்மா இருந்துச்சு?" யோசிச்சுப் பார்த்தா பேனாவ ரெண்டு கைலயும் இறுக்கிப் புடிச்சிட்டு இருந்திருக்கேன், மூடியக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி. ஒரு ஆம்பள என் முன்னாடி அழுதுருவாரோன்னு பயம். எங்க வீட்ல எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்ல. சாரோட அழுகைய தடுத்தது சார் இல்ல, நான்தான்.

பிரசன்ஸ்னு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, எதிர்ல இருக்கறவங்களோட முழுசா அங்க இருக்கறது, இருத்தல், அது இங்கதான் வருது. கார்ல் ரோஜர்ஸ்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1957ல ஒரு கட்டுரைல, ஆளு மாறுறதுக்கு என்னென்ன வேணும்னு எழுதினாரு, கவுன்சிலர் வேஷம் போடாம இருக்கணும், நிபந்தனை இல்லாம ஏத்துக்கணும், அவங்க கண்ணு வழியாப் பார்க்கணும், இதெல்லாம் அதுல வரும். வயசான காலத்துல அவரே, இதுக்கெல்லாம் அடியில நான் அங்க முழுசா இருக்கேனா இல்லையாங்கறதுதான் முக்கியமோன்னு பேச ஆரம்பிச்சாரு. அப்புறம் 2002ல ஷாரி கெல்லர், லெஸ்லி க்ரீன்பெர்க்னு ரெண்டு பேரு அனுபவமுள்ள தெரபிஸ்டுங்கள பேட்டி எடுத்து, அந்த இருத்தல்னா என்ன, அதுக்கு எப்படித் தயாராகறாங்க, எப்போ நழுவுதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க. படிக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். பேனா மூடி கைல இருக்கறது தெரிஞ்சாத்தான் உண்டு.

சிலர் பிரசன்ஸ்னா தலைய ஒரு பக்கம் சாய்ச்சு, கண்ண விரிச்சு, மெதுவான குரல்ல பேசறதுன்னு நெனச்சுக்குறாங்க, எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் பண்றது ரொம்ப சின்ன விஷயங்கள். சிட்டிங்குக்கு 5 நிமிஷம் முன்னாடி போனை அடுத்த ரூம்ல வச்சுட்டு, ரெண்டு காலும் தரைல பதிய உக்காருவேன். எனக்குப் பசிக்குதா, முந்துன கேஸ் இன்னும் தலைல ஓடுதான்னு பார்ப்பேன். நடுவுல கவனம் போச்சுன்னா மறைக்காம, "மன்னிச்சுக்கங்க, ஒரு நிமிஷம் நான் இங்க இல்ல, திரும்பச் சொல்றீங்களா"ன்னு கேட்டுருவேன். கேட்டா யாரும் கோவிச்சுக்கிட்டது கிடையாது.

112

நாலாவது சிட்டிங்ல முதல்ல என் தப்ப சொன்னேன். "போன வாரம் நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க சார், நான் குறுக்க பேசிட்டேன், எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு." சார் ஒண்ணும் சொல்லல. டீச்சர்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

அப்புறம் நடந்தது நான் திட்டம் போட்டு பண்ணது இல்ல. கொரோனா நேரத்துல வாங்குன பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ட்ராயர்ல கிடந்துச்சு. ஜான் காட்மேன்னு அமெரிக்காவுல சியாட்டில்ல தம்பதிகள வச்சு ஆராய்ச்சி பண்ணவரு, சண்டை நேரத்துல இதயத்துடிப்பு 100ஐ தாண்டிட்டா காது கேக்கும் ஆனா உள்ள ஏறாது, அதை வெள்ளம் வர்றதோட ஒப்பிடுவாரு, குறைஞ்சது ஒரு 20 நிமிஷமாவது விட்டாத்தான் உடம்பு அடங்கும்பாரு. எதுவும் பேசாம கல்லு மாதிரி உக்காந்திருக்கற ஆளுக்கு உள்ள ஒண்ணும் ஓடலைன்னு அர்த்தம் இல்ல. சாரை விரல்ல மாட்டிக்கச் சொன்னேன். டீச்சர் பேசிட்டு இருந்தாங்க, ராத்திரி பையன் அப்பா ஏன் வெளிய படுக்கறாருன்னு கேட்டதப் பத்தி. சார் முகத்துல ஒரு அசைவு இல்ல, ஜன்னலப் பார்த்துட்டு இருந்தாரு. மெஷின்ல 112.

நான் அதை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டுனேன். அவங்க பேச்சு நின்னுருச்சு. "இவருக்கா?"ன்னு கேட்டாங்க. அவங்க விரல்ல மாட்டுனா 88. சார் அந்த நம்பரையே பார்த்துட்டு, "மெஷின் ரிப்பேருங்களா மேடம்"னாரு. அது ஜோக்கா நெசமான்னு எனக்கு இன்னும் தெரியல.

இருத்தல் கிருத்தல்னு இவ்ளோ பேசிட்டு கடைசில ஆன்லைன்ல வாங்குன ஒரு மெஷின்தான் வேலை செஞ்சுச்சான்னு சிரிக்கலாம், நானும் சிரிச்சேன். ஆனா 11 மாசமா டீச்சர் மனசுல இருந்தது, இந்த மனுஷனுக்கு நம்ம மேல ஒண்ணுமே இல்லைங்கறது. அது அன்னிக்கு ஆட்டம் கண்டுச்சு.

அஞ்சாவது

இந்த சிட்டிங்ல நான் பேசுனது மொத்தமா ஒரு பத்து வாக்கியம் இருக்கும். சார் வந்து உக்காந்ததும் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டாரு. யூஜின் ஜெண்ட்லின்னு ஒருத்தர், சிகாகோ யுனிவர்சிட்டில ரோஜர்ஸ் கூட வேலை பார்த்தவர், தெரபி ரெக்கார்டிங் எல்லாம் கேட்டுட்டு, குணமாகறவங்க கடகடன்னு பேச மாட்டாங்க, நடுவுல நிப்பாங்க, வார்த்தைக்குத் தடுமாறுவாங்க, "அப்படி இல்ல, எப்படி சொல்றது"ன்னு உள்ள எதையோ தேடிட்டு இருப்பாங்கன்னு கண்டுபிடிச்சாரு. அதனால கேட்டேன், "கை வச்ச இடத்துல என்னங்க சார் இருக்கு? அவசரமில்ல."

ரொம்ப நேரம். பேனாவ மேசை மேல வச்சுட்டேன்.

"இரும்பு மாதிரிங்க," அப்படின்னாரு. அப்புறம், "இல்லீங்க. இரும்பு இல்லீங்க. கல்லு. தூக்கிட்டு நிக்கற மாதிரி." அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பாமயே கேட்டாரு, "அய்யன் கடைசியா என்ன புள்ள சொன்னாரு?"

23 மாசத்துல இந்தக் கேள்விய அவரு கேட்டதே இல்ல. இவங்களும் சொன்னதில்ல. அவரு மனசுல இருந்தது, அய்யன் தன்னைக் கேட்டிருப்பாரு, எங்க அவன்னு தேடியிருப்பாரு, அதை இவ எங்கிட்ட மறைக்கிறா, அதனால இவ முகத்தப் பார்த்தா அந்தக் கேள்விதான் தெரியுது. டீச்சர் சொல்லாததுக்கு காரணம் நேர் எதிர். அய்யன் இவரைக் கேக்கவே இல்ல. அதை எப்படி சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டாங்க.

"ஒண்ணும் சொல்லலீங்க. ஸ்ட்ரெச்சர்ல வச்சு என்ர கையப் புடிச்சு, 'மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா கண்ணு'ன்னாருங்க. பண்ணியாச்சுங் மாமான்னேன். பண்ணவே இல்லீங்க. பொய் சொல்லிட்டேன். கடைசியா அவருகிட்ட பேசுனதே பொய்யிங்க." இதை சொல்லும்போது டீச்சருக்கு குரல் ஒடைஞ்சுருச்சு, ஸ்கூல்ல 40 பசங்கள அதட்டுற குரல் அது.

சார் அப்போதான் திரும்புனாரு. "தெரியும் புள்ள. ஓடிட்டேதான் இருந்துச்சு. அய்யனைக் கொண்டாந்து போட்டப்புறம் விடியால நாலு மணிக்கு தோட்டத்துல சத்தம் கேட்டுச்சு. நாந்தான் போயி ஆஃப் பண்ணேன்."

"நீங்களா?"

"மோட்டார் ரூம்லயே நின்னுட்டேன். அங்கதான் அழுதேன். அவரு துண்டு அங்க ஆணில மாட்டியிருந்துச்சு."

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அழுதாங்க, நான் ஒண்ணும் சொல்லல, டிஷ்யூ பெட்டியக்கூட தள்ளி வைக்கல, ஏன்னா அதைத் தள்ளுனா போதும் அழுததுன்னு அர்த்தம் எடுத்துக்குறவங்க உண்டு. என் கண்லயும் தண்ணி வந்துச்சு, தொடைக்கல. நடுவுல ஒரு தடவ சார் சிரிச்சாரு, "மோட்டாரப் பத்தியா கேட்டாரு? அதான பார்த்தேன்." டீச்சர் மூக்க உறிஞ்சிக்கிட்டே, "மாமா வேற என்ன கேப்பாரு"ன்னாங்க.

அதுக்கப்புறம்

அன்னைல இருந்து எல்லாம் சரியாயிருச்சுன்னு எழுத ஆசைதான், அப்படி நடக்கல. அந்த வாரமும் அவரு ஹால்லதான் படுத்தாரு. டீச்சருக்கு ஆறாவது சிட்டிங்ல கோவம் வந்துச்சு, நல்ல கோவம். சாவு வீட்ல ஊரே வந்து மகனுக்கு ஆறுதல் சொல்லுச்சு, அந்தக் கையப் புடிச்சுட்டு நின்னவள ஒருத்தரும் நீ எப்படி இருக்கேன்னு கேக்கல, இவரும் கேக்கல, மறுநாள் 60 பேருக்கு காப்பி போட்டது நான்தான்னு ஒரு மூச்சுல சொன்னாங்க. 12 மார்க் எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. நான் அவரு துக்கத்தையே பார்த்துட்டு இருந்திருக்கேன், இவங்களுக்கும் ஒரு சாவு நடந்திருக்குங்கறத நாலு சிட்டிங் கவனிக்கல. சார் பதில் சொல்லல, ஒப்பிக்கவும் இல்ல, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவங்களையே பார்த்துட்டு இருந்தாரு, விரல்ல மெஷின் இல்ல, அதனால எவ்ளோன்னு தெரியாது.

மொத்தம் 9 ஜோடி சிட்டிங், அது போக தனித்தனியா ஆளுக்கு ஒண்ணு. கடைசில டீச்சருக்கு பிஹெச்க்யூ-9ல 6, சாருக்கு 5. டீ 4 ஆச்சு. வாரத்துல 4 நாள் ரூம்ல படுக்கறாரு, ஷிப்மென்ட் வாரத்துல மறுபடி ஹால், ஆனா அப்போ சொல்லிட்டுப் படுக்கறாராம். தோட்டத்து மேல இருக்குற கடன், மாமியாருக்கு மாசம் எவ்ளோ குடுக்கறது, இந்த ரெண்டும் அப்படியேதான் இருக்கு, நான் தொடவே இல்ல. இதெல்லாம் கவுன்சிலிங்காலயா, இல்ல பிரஷர் மாத்திரையாலயா, ரெண்டாவது வருஷத் திதி வந்து போனதாலயான்னு ஒரு கேஸ வச்சு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. திரும்ப பண்ணா என்ன மாத்துவேன்னா, அந்தப் பயிற்சிய ஆறாவது சிட்டிங்குக்கு அப்புறம் குடுப்பேன், டீச்சருக்கு தனி சிட்டிங் இன்னும் ரெண்டு சேர்த்து வைப்பேன்.

6 மாசம் கழிச்சு விசாரிக்க போன் பண்ணேன். டீச்சர்தான் எடுத்தாங்க. எப்படி இருக்கீங்கன்னதுக்கு, "சண்டைங்க மேடம், ரெண்டு மாசமா. அந்தப் பழைய மோட்டார எடுத்துட்டு சப்மெர்சிபிள் போடலாங்கறேன், அய்யன் வாங்குனது ஓடற வரைக்கும் ஓடட்டுங்கறாரு. மூணு தடவ காயில் கட்டியாச்சுங்க, அந்தக் காசுக்கு புதுசே வாங்கியிருக்கலாம்."

இதுக்கு ஒரு சிட்டிங் வரணுமான்னு கேட்டேன். பையனுக்கு பரீட்சை, அது முடிஞ்சு பார்க்கலாங்கன்னு வச்சுட்டாங்க.